இணைப்பு அறுந்தாலும் அமர்வு தொடர: லினக்ஸ் சர்வரில் ரிமோட் டெஸ்க்டாப்பை நிலைநிறுத்தும் முழுமையான வழிகாட்டி

டர்பனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழர்களுக்கு ‘லோட் ஷெட்டிங்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் 300 நாள்களுக்கும் மேல் சுழற்சி முறையில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம், சில வேளைகளில் அதற்கும் கூடுதலாக, வீடுகள் இருண்டு கிடந்தன. அந்த ஆண்டில்தான் எங்கள் சிறு குழு, கோயில் கும்பாபிஷேக மலர்கள், தமிழ்ப் பள்ளிகளின் ஆண்டறிக்கைகள், சங்கங்களின் கூட்டக் குறிப்புகள் என அலமாரிகளில் மங்கிக் கிடந்த பழைய அச்சுப் பக்கங்களை ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளின் வழியாகத் தேடத்தக்க உரையாக மாற்றத் தொடங்கியது. கணினி வேலை முழுவதும் ஜோகன்னஸ்பர்க்கில் வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் சர்வரில் நடந்தது. சாட்ஸ்வொர்த், மெர்பேங்க், டொங்காட் ஆகிய இடங்களிலிருந்து தொண்டர்கள் தத்தம் மடிக்கணினியில் அந்தச் சர்வரின் திரையைத் திறந்து, பக்கங்களைச் சீர்செய்வதற்கு ஸ்கேன்டெய்லரையும், எழுத்துகளைப் பிரித்தெடுப்பதற்கு ஜிஇமேஜ்ரீடரையும் பயன்படுத்தினர்.

முதல் மாதத்திலேயே ஒன்பது மணி நேர வேலையை நான் இழந்தேன். சர்வருக்கு மின்சாரம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. நின்றது என் வீட்டுக்குத்தான். அடுத்த வாரம் மெர்பேங்கிலிருந்து எங்கள் மூத்த தொண்டர் ஒருவரும் தொலைபேசியில் அதையே கேட்டார்: “தம்பி, கரண்டு என் வீட்டுலதானே போச்சு, அங்க எதுக்கு எல்லாம் நின்னு போச்சு?” அவர் கேட்ட கேள்விக்குச் சரியான விடை தெரிந்துவிட்டால், இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படியும் ஏன் தேவைப்படுகிறது என்பது தானாகவே விளங்கிவிடும்.

தொடங்குமுன் ஒரு குறிப்பு. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழெழுத்தில் தருகிறேன். அவற்றை விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகளில் உள்ளிட வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களை அங்கங்கே சுட்டியிருக்கிறேன். உபுண்டு, டெபியன் ஆகியவற்றை மனத்தில் கொண்டே எழுதுகிறேன்.

திரை எங்கே வாழ்கிறது?

லினக்ஸில் ஒரு வரைகலை நிரல் தன் சாளரத்தை நேரடியாகக் கண்ணாடித் திரையில் வரைவதில்லை. எக்ஸ் சர்வர் என்னும் மற்றொரு நிரலிடம் ‘இங்கே இதை வரைந்து கொடு’ என்று கேட்கிறது. அந்த எக்ஸ் சர்வருடன் உள்ள தொடர்பு அறுந்துவிட்டால், பெரும்பாலான நிரல்கள் பிழைச் செய்தி ஒன்றை எழுதிவிட்டு அந்தக் கணமே முடிந்துபோகின்றன. ஆகவே, இணைப்பு அறுந்தபின் வேலை பிழைக்குமா என்பதைத் தீர்மானிப்பது, அந்த எக்ஸ் சர்வர் எந்தக் கணினியில் ஓடுகிறது என்னும் ஒரே செய்திதான்.

தொலைவில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் நிரலில் ‘எஸ்எஸ்ஹெச் -எக்ஸ்’ என்று பெரிய எழுத்து எக்ஸ் இட்டு இணைக்கும்போது, நிரல் ஜோகன்னஸ்பர்க்கில் ஓடினாலும் அதற்கு வரைந்து தரும் எக்ஸ் சர்வர் டர்பனில் உள்ள மடிக்கணினியில் இருக்கிறது. வீட்டில் ரவுட்டர் அணைந்தால் நிரலின் திரையே இல்லாமல் போகிறது. உடனே போவதும் இல்லை என்பதுதான் இதில் ஏமாற்றும் பகுதி. மறுமுனை சொல்லாமல் மறைந்துவிட்டதைச் சர்வர் அறிய நேரமாகும். அனுப்ப வேண்டிய தரவு தேங்கி நின்றால், லினக்ஸ் மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்த்து, இயல்பான அமைப்பில் ஏறத்தாழ 15 நிமிடங்களில் இணைப்பைக் கைவிடுகிறது. அனுப்ப ஒன்றுமே இல்லையென்றால், இணைப்பைக் கவனிக்கும் டிசிபி நெறிமுறையின் உயிர்ச்சோதனை தொடங்குவதற்கே 7,200 விநாடிகள், அதாவது இரண்டு மணி நேரம் ஆகிறது. மின்வெட்டும் இரண்டு மணி நேரம்தான். அதனால், ஒரே மின்வெட்டில் ஒருவருடைய வேலை பிழைத்து மற்றவருடைய வேலை அழிந்ததைக் கண்டு, எங்கள் குழுவில் இதை நெடுநாள் ராசியின் கணக்கில் எழுதி வைத்திருந்தோம்.

எக்ஸ்ஆர்டிபி, விஎன்சி, எக்ஸ்2கோ ஆகிய ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருள்கள் இதைத் தலைகீழாக்குகின்றன. அவற்றில் எக்ஸ் சர்வரும் சர்வரிலேயே ஓடுகிறது. மடிக்கணினிக்கு வந்து சேர்வது அந்தத் திரையின் பிம்பம் மட்டுமே. பார்ப்பவர் போய்விட்டாலும் நாடகம் மேடையில் நடந்துகொண்டிருக்கும். இனி வருவதெல்லாம், அந்த மேடையை வேறு யாரும் தெரியாமல் பிரித்துவிடாதபடி காப்பதற்கான ஏற்பாடுகளே.

எக்ஸ்ஆர்டிபியை நிறுவுதல்

தொண்டர்களில் பெரும்பாலோர் விண்டோஸ் வைத்திருந்தனர். விண்டோஸில் ரிமோட் டெஸ்க்டாப் நிரல் ஏற்கெனவே இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே எக்ஸ்ஆர்டிபியை முதல் தேர்வாகச் சொல்வேன். புதிய மென்பொருளை நிறுவச் சொன்னால், எழுபது வயதுத் தொண்டர் ஒருவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

சர்வரில் ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் எக்ஸ்ஆர்டிபி எக்ஸ்ஆர்க்எக்ஸ்ஆர்டிபி எக்ஸ்எஃப்சிஇ4’ என்று இட்டால், எக்ஸ்ஆர்டிபியும் அதற்கான திரைப் பகுதியும் எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய மேசைச் சூழலும் சேர்ந்து வந்துவிடும். குறைந்த நினைவகம் உள்ள வாடகைச் சர்வரில் பலர் ஒரே நேரத்தில் புழங்க வேண்டுமென்றால், பளபளப்பான மேசைச் சூழல்களைத் தவிர்ப்பது நல்லது. அடுத்து, ஒவ்வொரு பயனரின் வீட்டு அடைவிலும் ‘.எக்ஸ்செஷன்’ என்ற பெயரில் ஒரு கோப்பை உண்டாக்கி, அதில் ‘எக்ஸ்எஃப்சிஇ4-செஷன்’ என்ற ஒரே வரியை எழுத வேண்டும். இணைப்புக்கான பாதுகாப்புச் சாவியைப் படிக்கும் உரிமை சேவைக்குக் கிடைப்பதற்காக, ‘சூடோ அட்யூசர் எக்ஸ்ஆர்டிபி எஸ்எஸ்எல்-செர்ட்’ என்ற கட்டளையால் எக்ஸ்ஆர்டிபி பயனரை அந்தக் குழுவில் சேர்க்க வேண்டும். இறுதியாக ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் எக்ஸ்ஆர்டிபி’ என்று இட்டால், இப்போதும் இனி ஒவ்வொரு முறை சர்வர் எழும்போதும் சேவை தொடங்கும்.

இதுவரை எந்த வழிகாட்டியிலும் கிடைக்கக்கூடியதுதான். அமர்வின், அதாவது சர்வரில் திறந்திருக்கும் மேசையும் அதில் ஓடும் நிரல்களும் சேர்ந்த தொகுதியின், ஆயுளைத் தீர்மானிக்கும் கோப்பு, ‘இடிசி’ அடைவுக்குள் ‘எக்ஸ்ஆர்டிபி’ அடைவில் உள்ள ‘செஸ்மேன்.ஐஎன்ஐ’ ஆகும். செஸ்மேன் என்பது யாருக்கு எந்த அமர்வு உரியது என்று கணக்கு வைத்திருக்கும் மேலாளர். கோப்பில் ‘செஷன்ஸ்’ என்ற பகுதியைத் தேடி, நான்கு வரிகளைப் பார்க்க வேண்டும்.

‘கில்டிஸ்கனெக்டட்’ என்பது ‘ஃபால்ஸ்’ என்று இருக்க வேண்டும். அது ‘ட்ரூ’ என்று இருந்தால், இணைப்பு அறுந்த அமர்வு, ‘டிஸ்கனெக்டட்டைம்லிமிட்’ வரியில் எழுதியுள்ள விநாடிகளுக்குள் அழிக்கப்படும். அந்த இரண்டாவது வரியையும் 0 என்றே விட்டுவிடுவது நல்லது. ‘ஐடில்டைம்லிமிட்’ என்பது விசையோ சுட்டியோ அசையாதபோது இணைப்பைத் துண்டிக்கும் கால அளவு. 0 என்றால் துண்டிப்பு இல்லை. இது அமர்வை அழிப்பதில்லை, ஆனாலும் எழுத்துணரி ஓடுவதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பவரைத் தேவையில்லாமல் வெளியேற்றும்.

நான்காவது வரியாகிய ‘பாலிசி’யில்தான் எங்கள் குழு அதிகம் தடுக்கி விழுந்தது. மீண்டும் இணைக்கும்போது பழைய அமர்வைத் தருவதா, புதியதை உண்டாக்குவதா என்பதை அது தீர்மானிக்கிறது. ‘டிஃபால்ட்’ என்ற இயல்பு மதிப்பில், பயனர் பெயரும் வண்ண ஆழமும் (ஒரு புள்ளியின் நிறத்துக்கு எத்தனை பிட் என்ற அளவு) ஒத்துப்போனால் பழைய அமர்வு கிடைக்கும். வண்ண ஆழமும் ஒத்துப்போக வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். மடிக்கணினியில் 32 பிட் என்றும், மின்வெட்டின்போது எடுத்த பழைய டேப்லெட்டில் 16 பிட் என்றும் அமைந்திருந்தால், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தும் வெறுமையான புதிய மேசை ஒன்று வந்து நிற்கும். வேலை அழிந்துவிட்டது என்று பதறத் தேவையில்லை. அது பழைய அமர்வில் நடந்துகொண்டே இருக்கிறது, நாம்தான் வேறு அறைக்குள் நுழைந்திருக்கிறோம். எல்லாக் கருவிகளிலும் ஒரே வண்ண ஆழத்தை அமைப்பது இதற்குத் தீர்வு.

பாலிசியில் ஐபி முகவரியையும் ஒப்பிடும் மதிப்புகள் உண்டு. பாதுகாப்பு என்று நினைத்து அவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வீட்டு ஃபைபர் இணைப்பு போனதும் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுவதுதான் இங்கே எல்லோரும் செய்வது. மாறிய கணமே முகவரியும் மாறிவிடுவதால், எந்த நேரத்தில் பழைய அமர்வு தேவையோ அந்த நேரத்தில் அது கிடைக்காமல் போகும்.

எக்ஸ்ஆர்டிபியின் நுழைவுத் திரையில் அமர்வு வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் ஒரு நாள் எக்ஸ்ஆர்க், மறுநாள் எக்ஸ்விஎன்சி என்று மாற்றினாலும் வேறு அமர்வே கிடைக்கும். எக்ஸ்ஆர்க் என்பதையே எப்போதும் தேர்ந்தெடுக்குமாறு எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

செஸ்மேன் கோப்பில் மாற்றம் செய்தால் அந்தச் சேவையை மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். அமர்வுகளின் கணக்கு அதனிடமே இருப்பதால், ஓடிக்கொண்டிருக்கும் அமர்வுகளுக்குத் திரும்ப முடியாமல் போகலாம். ஆகவே இந்த மாற்றங்களை யாரும் உள்ளே இல்லாத நேரத்தில் செய்ய வேண்டும்; எக்ஸ்ஆர்டிபி தொகுப்பைப் புதுப்பிப்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மூடுவதும் வெளியேறுவதும் ஒன்றல்ல

அமர்வை விட்டுச் செல்ல விரும்பும்போது ரிமோட் டெஸ்க்டாப் சாளரத்தின் மேல்மூலையில் உள்ள மூடு குறியை அழுத்த வேண்டும். மேசைச் சூழலின் பட்டியலில் உள்ள ‘லாக் அவுட்’டை அழுத்தினால், அமர்வையும் அதற்குள் திறந்திருக்கும் சாளரங்களையும் முடித்துவிடுமாறு நாமே ஆணையிடுகிறோம். இதை ஒரு தாளில் எழுதித் தொண்டர்களின் மடிக்கணினியில் ஒட்டினேன். வங்கித் தளங்களில் கண்டிப்பாக வெளியேற வேண்டும் என்று பழகியவர்களுக்கு இது எதிர்மறையான பழக்கம். அதனால் ஒருமுறை சொன்னால் போதாது.

இணைப்பைச் சுரங்கத்தின் வழியாகக் கொண்டுவருதல்

எக்ஸ்ஆர்டிபி 3389ஆம் போர்ட்டில், அதாவது சர்வரின் அந்த எண்ணுள்ள வாயிலில், காத்திருக்கிறது. அதை இணையம் முழுவதற்கும் திறந்து வைத்தால், கடவுச்சொல்லை ஊகிக்க முயலும் தானியங்கி நிரல்கள் சில மணி நேரத்திலேயே கதவைத் தட்டத் தொடங்கும். தீயரணில் முதலில் எஸ்எஸ்ஹெச்சுக்கு உரிய 22ஆம் போர்ட்டை அனுமதித்துவிட்டு, 3389ஐ மூடிவிட வேண்டும். வரிசை மாறினால் நம்மை நாமே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்வோம்.

பிறகு மடிக்கணினியில் ‘எஸ்எஸ்ஹெச் -எல் 13389:லோக்கல்ஹோஸ்ட்:3389’ என்று தொடங்கி, பயனர் பெயரையும் சர்வர் முகவரியையும் சேர்த்து இட வேண்டும். ‘எல்’ பெரிய எழுத்து. மடிக்கணினியின் 13389ஆம் போர்ட்டுக்கு வருவதை எஸ்எஸ்ஹெச் வழியாகச் சர்வரின் 3389க்குக் கொண்டுசெல்லும் இந்தப் பாதையே சுரங்கம். அதன்பின் ரிமோட் டெஸ்க்டாப் நிரலில் ‘லோக்கல்ஹோஸ்ட்:13389’ என்ற முகவரியைத் தர வேண்டும். விண்டோஸில் 3389 என்ற அதே எண்ணைத் தம் பக்கத்திலும் பயன்படுத்தினால் விண்டோஸின் சொந்தச் சேவையுடன் மோதக்கூடும் என்பதால்தான் 13389.

எஸ்எஸ்ஹெச் இணைப்பு சும்மா இருக்கும்போது இடையில் உள்ள ரவுட்டர்கள் அதை மறந்துவிடுவதுண்டு. கைபேசி வலையமைப்பில் இது இன்னும் விரைவாக நடக்கும். மடிக்கணினியின் எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பில் ‘சர்வர்அலைவ்இன்டர்வல் 30’, ‘சர்வர்அலைவ்கவுன்ட்மேக்ஸ் 4’ என்று இரு வரிகளைச் சேர்த்தால், முப்பது விநாடிக்கு ஒருமுறை சிறு செய்தி ஒன்று போய்வரும். தொடர்ந்து நான்கு முறை பதில் வராவிட்டால் இணைப்பு முடிந்ததாகக் கொள்ளப்படும். எண்களை மிகவும் குறைத்துவிட்டால், ஒரு சிறு தடங்கலைத் தாண்டிப் பிழைத்திருக்கக்கூடிய இணைப்பையும் நாமே கொன்றவர்களாவோம். எப்படியாயினும், இந்த வரிகள் காப்பது இணைப்பைத்தான். அமர்வுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை; இவை இரண்டையும் குழப்பிக்கொண்டு எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தே பலர் நாள்களைக் கழிக்கிறார்கள்.

விஎன்சியை விரும்புவோருக்கு

விஎன்சி வகை மென்பொருளான டைகர்விஎன்சியில் அமர்வை முதலில் சர்வரில் தொடங்கி வைக்கிறோம். யாரும் பார்க்காவிட்டாலும் அது இருக்கும். ‘விஎன்சிசர்வர் :1’ என்று இட்டால் முதலாம் எண் திரை உண்டாகி 5901ஆம் போர்ட்டில் காத்திருக்கும். இரண்டாம் திரைக்கு 5902. மீண்டும் இணைக்கும்போது எந்த அமர்வு கிடைக்கும் என்ற ஐயமே இங்கு எழாது, ஏனெனில் எண்தான் அமர்வு. வண்ண ஆழக் குழப்பத்தில் சலித்துப்போனவர்களுக்கு இந்தத் தெளிவு பெரிய ஆறுதல்.

விலையும் உண்டு. விஎன்சியின் வழக்கமான கடவுச்சொல்லில் முதல் எட்டு எழுத்துகளே கணக்கில் கொள்ளப்படுகின்றன. எனவே ‘-லோக்கல்ஹோஸ்ட்’ என்ற தேர்வுடன் தொடங்கி, மேலே சொன்ன எஸ்எஸ்ஹெச் சுரங்கத்தின் வழியாக மட்டுமே அணுக வேண்டும். விஎன்சியின் திரையை நடத்தும் எக்ஸ்விஎன்சிக்கு ‘மேக்ஸ்டிஸ்கனெக்ஷன்டைம்’, ‘மேக்ஸ்ஐடில்டைம்’ என்ற தேர்வுகள் உண்டு. 0 அல்லாத மதிப்பு இருந்தால், குறித்த விநாடிகளுக்குப் பின் திரையே முடிந்துவிடும். இயல்பு மதிப்பு 0. வேறொருவர் அமைத்துக் கொடுத்த சர்வரில் அமர்வுகள் காரணமில்லாமல் மறைந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஓடும் திரைகளைக் காண ‘விஎன்சிசர்வர் -லிஸ்ட்’. ஒன்றை முடிக்க ‘விஎன்சிசர்வர் -கில் :1’.

எக்ஸ்2கோவும் எக்ஸ்ப்ராவும்

எக்ஸ்2கோ எஸ்எஸ்ஹெச் வழியாகவே இயங்குவதால் தனிச் சுரங்கம் தேவையில்லை. இணைப்பு அறுந்தால் அமர்வைத் தானே இடைநிறுத்தி வைத்து, மறுமுறை நுழையும்போது ‘தொடரவா’ என்று கேட்கிறது. ஐரோப்பாவில் உள்ள சர்வரை இங்கிருந்து பயன்படுத்துபவர்கள், கடல் கடந்த தாமதத்தை அது எவ்வளவு நன்றாகச் சமாளிக்கிறது என்பதை உடனே உணர்வார்கள். எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே போன்ற எளிய சூழல்களோடுதான் அது ஒத்துப்போகும்.

ஒரே ஒரு நிரலின் சாளரம் போதும், மேசை முழுவதும் வேண்டாம் என்பவர்களுக்கு எக்ஸ்ப்ரா ஏற்றது. சர்வரில் ‘எக்ஸ்ப்ரா ஸ்டார்ட்’ என்று தொடங்கிய நிரலை, ‘எக்ஸ்ப்ரா அட்டாச்’ என்று எங்கிருந்தும் பற்றிக்கொள்ளலாம், விட்டும் விடலாம்.

உபுண்டு 24.04 போன்று நோம் என்னும் மேசைச் சூழலின் 46 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உள்ள கணினிகளில், யாரும் கணினி முன் அமராமலே ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையும் வசதி மேசைச் சூழலுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. எக்ஸ்எஃப்சிஇ போதாது, நோம்தான் வேண்டும் என்பவர்கள் அதை முயன்று பார்க்கலாம்.

சிஸ்டம்டி செய்யும் துப்புரவு

சர்வரில் யார் நுழைந்தார், யார் வெளியேறினார் என்பதைக் கவனிப்பது, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லாகின்டி என்னும் பகுதி. ஒரு பயனர் முற்றிலும் வெளியேறியபின் அவர் விட்டுச்சென்ற செயல்களை அது கொன்றுவிடலாமா என்பதை ‘கில்யூசர்புராசசஸ்’ என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. 2016இல் வெளிவந்த சிஸ்டம்டி 230ஆம் பதிப்பில் இதன் இயல்பு மதிப்பு ‘யெஸ்’ என்று மாற்றப்பட்டபோது, காலங்காலமாகப் பின்னணியில் வேலைகளை ஓடவிட்டுப் பழகியவர்களிடையே பெரும் சலசலப்பு எழுந்தது. டெபியனும் உபுண்டுவும் தம் தொகுப்புகளில் ‘நோ’ என்றே வைத்திருக்கின்றன. இருந்தாலும், ‘இடிசி’ அடைவுக்குள் ‘சிஸ்டம்டி’ அடைவில் உள்ள ‘லாகின்டி.கான்ஃப்’ கோப்பைத் திறந்து, யாராவது அதை மாற்றியிருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அடுத்து, ‘சூடோ லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்’ என்பதோடு பயனர் பெயரைச் சேர்த்து இட வேண்டும். பயனரின் கடைசி அமர்வு முடிந்தபின்னும் அவருக்கான பயனர் சேவைகளை நிறுத்தாமல் வைத்திருக்குமாறு இது சொல்கிறது. அடுத்த பகுதியில் வரும் முறைக்கு இது கட்டாயம்.

வேலையைத் திரையிலிருந்து பிரித்தல்

மேலே சொன்ன அனைத்தையும் செய்தபின்னும், நீண்ட வேலையை மேசைத் திரையின் சாளரத்துக்குள் ஓடவிடுவதை நான் நிறுத்திவிட்டேன். மேசைச் சூழல் பல பகுதிகளால் ஆனது. அதில் எது சரிந்தாலும் திரையோடு வேலையும் போகும். பக்கங்களைப் பார்த்துச் சீர்செய்வதற்குத் திரை வேண்டும். நாலாயிரம் பக்கங்களை இரவு முழுவதும் எழுத்துணரிக்குக் கொடுப்பதற்குத் திரை எதற்கு?

எளிய வழி, கட்டளைத் திரையைப் பின்னணியில் உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ் என்னும் நிரல். மேசைக்குள்ளேயே ஒரு டெர்மினலைத் திறந்து ‘டிமக்ஸ் நியூ -எஸ் மலர்’ என்று இட்டால், ‘மலர்’ என்ற பெயரில் அமர்வு தொடங்கும். வேலையை அதற்குள் தொடங்கிவிட்டு, கன்ட்ரோல் விசையுடன் பி, பிறகு டி (‘டிடாச்’ என்பதன் முதலெழுத்து) என்று அழுத்தினால் அது பின்னணிக்குப் போய்விடும். ‘டிமக்ஸ் அட்டாச் -டி மலர்’ (இங்கே டி, ‘டார்கெட்’ என்பதன் முதலெழுத்து) என்று இட்டுத் திரும்பலாம். இதன் அழகு என்னவென்றால், மின்வெட்டின்போது ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறக்க முடியாத அளவுக்குக் கைபேசி இணைப்பு மெலிந்திருந்தாலும், கைபேசியில் உள்ள எஸ்எஸ்ஹெச் செயலியிலிருந்தே அதே அமர்வுக்குள் நுழைந்து எத்தனையாவது பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிடலாம்.

அதைவிட உறுதியான வழி, வேலையைச் சிஸ்டம்டியிடமே ஒப்படைப்பது. ‘சிஸ்டம்டி-ரன் --யூசர் --யூனிட்=மலர்’ என்பதை அடுத்து நம் நிரலின் முழுப் பாதையைத் தந்தால், அது எந்த அமர்வையும் சாராத பயனர் சேவையாக ஓடும். முன்னேற்றத்தைக் காண ‘ஜர்னல்சிடிஎல் --யூசர் -யு மலர்’. லிங்கரை இயக்கியிருந்தால், மேசை சரிந்தாலும் எல்லா இணைப்புகளும் அறுந்தாலும் இது நிற்காது.

சர்வரே அணைந்து எழுந்தால் இவற்றுள் எதுவும் காப்பாற்றாது. நினைவகத்தில் இருந்தது போனது போனதுதான். ஆகவே எழுத்துணரியை இயக்கும் நிரலை, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் கோப்பில் விடையை எழுதுமாறும், விடைக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டிச் செல்லுமாறும் அமைத்தேன். டெசராக்ட் என்னும் எழுத்துணரியின் கட்டளைக்குப் படக் கோப்பின் பெயரையும் விடைக் கோப்பின் பெயரையும் ‘-எல் டாம்’ என்ற தமிழ்த் தேர்வையும் தந்தால் போதும். சுற்றியுள்ள மடக்கு (லூப்) ஐந்து வரிக்கு மேல் போகாது. இந்த ஐந்து வரிகளை முதல் நாளே எழுதியிருந்தால் அந்த ஒன்பது மணி நேரம் ஒரு பக்கமாகச் சுருங்கியிருக்கும்.

உறங்கிவிடும் சர்வர்

வாடகைச் சர்வர் உறங்காது. ஆனால் சங்க அலுவலகத்தில் மேசைக்கடியில் இருக்கும் பழைய கணினியில் லினக்ஸை நிறுவிச் சர்வராகப் பயன்படுத்துபவர்கள், ‘இணைப்பை விட்ட இருபது நிமிடத்தில் எல்லாம் போய்விடுகிறது’ என்று சொன்னால், பெரும்பாலும் காரணம் மின்சேமிப்பு அமைப்புதான். ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் மாஸ்க்’ என்பதை அடுத்து ‘ஸ்லீப்.டார்கெட் சஸ்பெண்ட்.டார்கெட் ஹைபர்னேட்.டார்கெட் ஹைப்ரிட்-ஸ்லீப்.டார்கெட்’ என்று தந்தால் உறக்கம் முற்றிலும் தடைசெய்யப்படும். அதே கணினியின் முன்னால் ஒருவர் அமர்ந்து நுழைந்திருக்கும்போது, அதே பயனர் பெயரில் தொலைவிலிருந்தும் நுழைந்தால் கறுப்புத் திரையே தோன்றுவதுண்டு. தொலைவிலிருந்து வருவோருக்குத் தனிப் பயனர் கணக்கு உண்டாக்குவது இதைத் தவிர்க்கும்.

பழைய அமர்வுக்குத் திரும்பும்போது கறுப்புத் திரை தோன்றினால், திரைப்பூட்டு நிரலையும் ஐயப்பட வேண்டும். லைட்-லாக்கர் என்ற பூட்டு நிரல் தொலைத்திரைகளோடு ஒத்துப்போவதில்லை; அதை நீக்கிவிடலாம்.

சோதித்துப் பார்த்தல்

மின்வெட்டு வரும் வரை காத்திருக்க வேண்டாம். மேசைக்குள் ஒரு டெர்மினலைத் திறந்து, பத்து விநாடிக்கு ஒருமுறை ‘டேட்’ கட்டளையின் விடையை ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே இருக்கும் சிறு மடக்கை ஓடவிட வேண்டும். உரைத்தொகுப்பியில் சேமிக்காத ஒரு வரியையும் எழுதி வைக்க வேண்டும். பிறகு சாளரத்தை மூடாமல், ரவுட்டரின் மின்கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். முறையாகத் துண்டிப்பதும் திடீரென்று மறைவதும் சர்வருக்கு வெவ்வேறு நிகழ்வுகள் என்பதால், பிடுங்குவதுதான் உண்மையான சோதனை.

அரை மணி நேரம் கழித்து, வேண்டுமென்றே கைபேசியின் ஹாட்ஸ்பாட் வழியாக நுழைந்து பார்க்க வேண்டும். சேமிக்காத வரி திரையில் இருக்கிறதா, கோப்பில் நேரங்கள் இடைவெளியின்றி வரிசையாக உள்ளனவா என்று நோக்க வேண்டும். வரி இல்லை, ஆனால் நேரங்கள் இன்னும் சேர்ந்துகொண்டிருக்கின்றன என்றால், அமர்வு உயிரோடிருக்கிறது, நாம் வேறு அமர்வில் இருக்கிறோம். பாலிசியையும் வண்ண ஆழத்தையும் நுழைவுத் திரையின் தேர்வையும் சரிபார்க்க வேண்டும். நேரங்கள் இணைப்பு அறுந்த கணத்திலோ சிறிது பின்னரோ நின்றிருந்தால், அமர்வைக் கொல்லும் அமைப்பு ஏதோ இயங்குகிறது. நேரங்கள் நடுவில் நின்று, நாம் கணினியைத் தட்டி எழுப்பியபின் தொடர்ந்திருந்தால், அது உறக்கம். காரணமே இல்லாத இடத்தில் நின்றிருந்தால் ‘ஜர்னல்சிடிஎல் -கே’ கட்டளையால் லினக்ஸின் மையப் பகுதியாகிய கெர்னலின் பதிவைப் பார்க்க வேண்டும். நினைவகம் தீர்ந்து, கெர்னலே ஏதோ ஒரு செயலைக் கொன்றிருப்பது அதில் தெரியவரும்.

நினைவகம் தீர்வதற்கு இந்த ஏற்பாடே காரணமாவதும் உண்டு. அழியாத அமர்வுகள் என்றால், மறந்துபோன அமர்வுகளும் அழியாமல் இருக்கும். எங்கள் சர்வரில் நினைவகம் 4 ஜிபிதான்; தவறான வண்ண ஆழத்தில் நுழைந்து, ‘பழையது இல்லையே’ என்று விட்டுப்போன வெற்று மேசைகள் ஐந்தாறு சேர்ந்ததும், உண்மையான வேலைக்கு இடம் இல்லாமல் போனது. வாரத்துக்கு ஒருமுறை ‘லாகின்சிடிஎல் லிஸ்ட்-செஷன்ஸ்’ என்று இட்டு, ஒரே பயனருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மேசைகள் இருக்கின்றனவா என்று பார்த்து, அவரிடம் கேட்டபின், ‘லாகின்சிடிஎல் டெர்மினேட்-செஷன்’ என்பதோடு அமர்வின் எண்ணைத் தந்து முடித்துவிடுகிறேன். கேட்காமல் முடிப்பதில்லை, வெறுமையாகத் தெரிந்த ஓர் அமர்வில், குறுக்கப்பட்ட சாளரம் ஒன்றுக்குள் அறுபது பக்கத் திருத்தங்கள் சேமிக்கப்படாமல் இருந்ததை ஒருமுறை கடைசி நொடியில் கண்டேன்.